பேக்கரி மோல்ட் என்று பியர் டின்னை விற்கிறார்கள், ஏமாற வேண்டாம்

மலையகத்தில் வீட்டிலிருந்தே பாண், கேக் செய்து விற்கும் அக்கா தங்கச்சிமாருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மோல்ட் என்பது முளைவிட்ட பார்லியிலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு. 'பேக்கரி மோல்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய டின் ஒன்று வட்ஸ்அப்பில் விலைக்கு வருகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். அது பாணுக்கான மோல்ட் இல்லை. வெளிநாடுகளில் வீட்டில் பியர் போடுகிறவர்களுக்காகச் செய்த டின். எனக்கு வந்தது திகதி முடிந்தது வேறு.

ஹட்டனில் வீட்டோடு சேர்த்து சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு விடுதிக்கு மோல்ட் பாண் கொடுக்க வேண்டியிருந்தது. கொழும்பில் வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை. அப்போதுதான் இந்த விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. "பாணுக்குத்தான் வேணும், பேக்கரி மோல்ட்தானே?" என்று கேட்டேன். "ஆமாக்கா, எல்லா பேக்கரிக்கும் இதுதான் குடுக்கிறோம்" என்றார். 8,500 ரூபாவை வங்கியில் போட்ட பிறகு பஸ்ஸில் பார்சல் வந்தது. பில் இல்லை.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டின்னை வெட்டியதும் கித்துள் பாணி மாதிரிக் கறுத்துத் தடித்த ஒன்று. நாள்பட்டால், அதுவும் சூட்டில் கிடந்தால், மோல்ட் இப்படித்தான் கறுக்கும். விரலில் தொட்டு நக்கினேன். முதலில் இனிப்பு, அடுத்த நிமிடம் அடிநாக்கில் ஒரு கசப்பு ஏறியது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்துப் பார்த்தால், கீழே பியர் கிளாஸ் படம், 23 லீட்டர் என்ற எழுத்து. டின்னின் அடியில் திகதி அடித்த இடத்தை எதையோ போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வருடம் தெரிந்தது. திகதி எப்போதோ முடிந்துவிட்டது.

அந்தக் கசப்பு ஹொப்ஸ் என்ற கொடியின் பூவால் வருவது. பியருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது அதுதான். பியர் டின்களில் பெரும்பாலும் அதை ஏற்கனவே சேர்த்துத்தான் அடைக்கிறார்கள். எவ்வளவு சீனி போட்டாலும், எவ்வளவு சூட்டில் சுட்டாலும் அது போகாது. கொஞ்சம் மாவில் மட்டும் பிசைந்து சுட்டுப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

உடனே போன் எடுத்தேன்.

"அண்ணே, இது பியர் டின். பாணு கசக்குது. காச திருப்பித் தாங்க."

"தெறந்த டின்ன எடுக்க மாட்டோம்கா. பாணுக்கு சரிவரலன்னா பியர் போட்டுடுங்க. ஒரு டின்னுக்கு முப்பது போத்தல் வரும், போட்ட காச விட கூடவே எடுத்துறலாம். நம்ம மலைத் தண்ணி பியருக்கு நல்லதுன்னுதானே வெள்ளக்காரன் நுவரெலியால கம்பெனியே போட்டான்?"

பிறகு ஒரு குரல் பதிவு. பெரிய வாளியில் டின்னைக் கரை, ஒரு கிலோ சீனி போடு, 23 லீட்டர் வரை தண்ணீர் ஊற்று, பாண் ஈஸ்ட்டைத் தூவு, அஞ்சாவது நாள் பழைய சாராயப் போத்தலில் ஊற்றி, போத்தலுக்கு ரெண்டு மேசைக்கரண்டி சீனி போட்டு இறுக்கி மூடு. எனக்கு வயிறு எரிந்தது. ஏமாற்றியது போதாதென்று ஆளைக் காயப்படுத்தும் யோசனையையும் இலவசமாகக் கொடுக்கிறார்.

நானுஓயாவில் எங்கள் சொந்தக்காரத் தம்பி ஒருவன் இதே ஆளிடம் டின் வாங்கி, இதே பேச்சைக் கேட்டுப் போட்டிருக்கிறான். எனக்கு நடந்ததைச் சொன்ன பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். அடுப்படிப் பரணில் வைத்திருந்த போத்தல்கள் இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்திருக்கின்றன. சத்தம் கேட்டுப் பார்க்கப் போனவனின் முன்கையில் கண்ணாடி ஏறித் தையல் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள்.

ஏன் வெடித்தது என்பதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை ஈஸ்ட் நன்றாக வேலை செய்ய 18 பாகையளவாவது சூடு வேண்டும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே போகிறது. குளிரில் ஈஸ்ட் மயங்கிக் கிடக்கும், நுரை அடங்கிவிடும், புளித்து முடிந்துவிட்டது என்று தோன்றும். உள்ளே சீனி அப்படியே இருக்கும். அதைப் போத்தலில் அடைத்து அடுப்படிச் சூட்டில் வைத்தாலோ, கொழும்புக்கு அனுப்பினாலோ, ஈஸ்ட் மறுபடி விழித்து வாயுவைக் கக்கத் தொடங்கும். நுரை வர 750 மில்லிலீட்டர் போத்தலுக்கு 6 கிராம் அளவு சீனியே போதுமானது. ரெண்டு மேசைக்கரண்டி என்றால் அதைப்போல நாலு மடங்கு. சாராயப் போத்தல் அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதே இல்லை. வீட்டில் ஈஸ்ட் போட்டு இஞ்சி பியர் செய்கிறவர்களும் இதைக் கவனியுங்கள், கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி வைக்காதீர்கள்.

அடுத்தது சட்டம். "விக்காட்டி ஒண்ணும் ஆகாதுக்கா" என்று அந்த விற்பனையாளர் அதையும் சொன்னார். பிரிட்டனில் 1963 இலிருந்து சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை. டின்னில் செய்முறையை அச்சடித்து விற்பது அந்த மாதிரி நாடுகளுக்காக. இங்கே 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். நுவரெலியாவில் 1881 இல் சிலோன் புரூவரி என்ற பியர் கம்பெனி வந்தது உண்மைதான், அதற்காக நம் வீட்டு வாளிக்கு யாரும் அனுமதி தரவில்லை. மதுவரித் திணைக்களம் கதவைத் தட்டினால் மாட்டுவது வாங்கியவர். தோட்டத்துப் பிள்ளைகள் நாலு காசு கிடைக்கும் என்று இதை நம்பிவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

மோல்ட் வாங்கும்போது ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். லாகர், ஏல், ஸ்டவுட் என்று பியர் வகையின் பெயரோ, இத்தனை லீட்டர் வரும் என்றோ இருந்தால் அது பியர் டின். பிளாஸ்டிக் மூடிக்கும் தகரத்துக்கும் இடையில் சின்ன ஈஸ்ட் பாக்கெட் இருக்கும், எனக்கு வந்ததில் அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். 1.7 கிலோ என்ற எடையும் பியர் டின்களில் வழக்கமாக வருவது. பாணுக்கான மோல்ட் கொஞ்சமும் கசக்காது. பில் தர மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயாவிடமும் டின்னைக் காட்டினேன். பணம் இன்னும் வரவில்லை, அந்த ஆள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். உங்களில் யாராவது இதே டின்னை வாங்கியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஸ்டிக்கரையும் அடிப்பக்கத் திகதியையும் படமெடுத்து, பணம் போட்ட சிட்டையோடு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.