எஸ்.டி.ஐ. கேபிளா, வயர்லெஸ்ஸா, ஃபைபரா? திருவிழா லைவுக்கு நாங்கள் எடுத்த முடிவு

கோயில் திருவிழா, கும்பாபிஷேகம், ஜல்லிக்கட்டு, கட்சிப் பொதுக்கூட்டம். மதுரைப் பக்கம் லைவ் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க இதுதான் பிழைப்பு. கல்யாண முகூர்த்தங்கள் நடுவில் வந்துபோகும். எங்களுடையது சின்ன யூனிட். ஐந்து கேமரா, ஒரு ஜிம்மி ஜிப் (கேமராவை உயரத் தூக்கும் கிரேன்), எந்த கேமராவின் படம் லைவில் போக வேண்டும் என்று மாற்றித் தரும் ஒரு ஸ்விட்சர், எட்டுப் பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கேமராவிலிருந்து ஸ்விட்சருக்குப் படம் கொண்டுவரும் வழியை மொத்தமாக மாற்றத் தொடங்கினோம். செம்புக் கம்பியில் படம் கொண்டுவரும் எஸ்.டி.ஐ. கேபிளை விட்டுவிட்டு, கண்ணாடி இழையில் வெளிச்சமாகக் கொண்டுவரும் ஃபைபருக்குப் போனோம். அதற்கு முந்தைய சீசன் முழுக்க வயர்லெஸ்ஸும் ஓட்டிப் பார்த்தோம்.

புதிதாக யூனிட் தொடங்கும் தம்பிகள் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கேமராவுக்கும் ஸ்விட்சருக்கும் நடுவில் என்ன போடுவது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அனுபவத்தில் லைவ் நின்றுபோனதெல்லாம் அந்த நடுவில்தான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஹெச்.டி.எம்.ஐ.யை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். 10, 15 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, பூட்டும் கிடையாது. கேமராமேன் ஓரடி நகர்ந்தால் கழன்றுவிடும். மேடைக்குப் பக்கத்திலேயே ஸ்விட்சர் வைத்துக்கொள்கிற மண்டப வேலைக்குப் போதும்.

எஸ்.டி.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேபிள் முனையில் இருக்கிற பி.என்.சி. பூட்டு ஒரு திருகில் விழும். முனையை நசுக்கிப் பிடிக்கிற கிரிம்பிங் டூல் இருந்தால் யூனிட்டில் இருக்கிற சின்னப் பையனும் முனை கட்டிவிடுவான். 3ஜி எஸ்.டி.ஐ.யில், அதாவது விநாடிக்கு 50 முழு ஃபிரேம் வரும் 1080 50பி ஹெச்.டி. படத்துக்கு, நல்ல ஆர்.ஜி.6 கேபிளில் 80 முதல் 100 மீட்டர் வரை போகலாம். எல்லையைத் தொடும்போது படம் மெல்ல மங்காது. பளிச்சென்று இருந்த படத்தில் புள்ளி தெறிக்கும், அடுத்த நிமிஷம் கறுப்பு. இதில் ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். டிஷ் டி.வி.க்குப் போடுகிற மலிவு ஆர்.ஜி.6 வேண்டாம். அதில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, அதைச் சுற்றியிருக்கிற கம்பிப் பின்னல் அலுமினியம். முழுச் செம்புக் கம்பியும் ஈயம் பூசிய செம்புப் பின்னலும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

வயர்லெஸ்ஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாமி புறப்பாட்டில் பல்லக்குக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு எடுக்கிற கேமராமேனுக்கு வேறு வழியே இல்லை. இன்றைக்கும் எங்கள் பெட்டியில் ஒரு செட் இருக்கிறது. ஆனால் ஐந்து கேமராவையும் அதை நம்பி விட முடியாது என்பதை அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற ஒரு எதிர்சேவை ராத்திரியில் கற்றுக்கொண்டோம். தல்லாகுளத்தில் ஒரு மண்டகப்படிக்காக வேலை. மத்தியானம் சோதித்தபோது 150 மீட்டர் தள்ளிப் போயும் படம் அசையவில்லை. அழகரைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் 40 மீட்டரிலேயே கட்டம் கட்டமாக உடைந்தது.

காரணம் எளிது. நம் விலைக்கு வருகிற டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. அந்தப் பட்டையில் பெரும்பகுதியை 2018 அக்டோபரில் மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை என்று திறந்துவிட்டது. நமக்கு வசதிதான், ஆனால் அதே வசதி எல்லாருக்கும் உண்டு. கூட்டத்தில் இருக்கிற ஹாட்ஸ்பாட்டுகள், பக்கத்து யூனிட்டுகளின் டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் அங்கேயேதான் முட்டிக்கொள்கின்றன. போதாததற்கு மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். ரிசீவரை 15 அடி ஸ்டாண்டில் ஏற்றி, தலைகளுக்கு மேலே பார்க்க வைத்த பிறகுதான் அன்றைக்கு ஓரளவு சமாளித்தோம்.

அப்புறம் தாமதம். எங்கள் செட்டில் சுமார் இரண்டு ஃபிரேம், 25 ஃபிரேம் கணக்கில் 80 மில்லி விநாடி. வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியாமல் ஒலியைத் தள்ளிச் சரிக்கட்டிவிடலாம். எல்.இ.டி. வால் என்கிற பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்று உறுமிக்காரர் கொட்டும்போது, குச்சி ஒரு நேரத்திலும் திரையில் குச்சி இன்னொரு நேரத்திலும் விழும், கண்ணை உறுத்தும். ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதத்தில் வேலை செய்கிற உயர்விலை செட்டுகள் இருக்கின்றன. ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையில்லை.

சரி, முடிவுக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். தூரத்துக்காக மட்டும் நான் ஃபைபருக்குப் போகவில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் புரவியெடுப்பு, மண் குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துப்போகிற விழா. கோயில் திடலில் எங்கள் ஸ்விட்சர், எங்கள் ஜெனரேட்டர். ஊர்ப் பொதுவெளியான மந்தையில் ஜிம்மி ஜிப், அதற்குக் கரண்ட் அங்கே லைட் போட வந்தவர்களின் ஜெனரேட்டரிலிருந்து. நடுவில் 90 மீட்டர் எஸ்.டி.ஐ. முந்தின நாள் பெய்த மழையில் தரை ஈரம். ஜிப் ஓட்டுகிற தம்பி பி.என்.சி.யைச் சொருகப் போனவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, சுர்ருங்குது."

புரவிகள் கிளம்பிவிட்டன என்ற அவசரத்தில், செருப்பைப் போட்டுக்கொண்டு சொருகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதை இன்றைக்கும் நினைத்தால் மனசு பதறுகிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. படமும் வந்தது, விட்டு விட்டு வந்தது. ஒன்பது மணிவாக்கில் ஸ்விட்சரின் மூன்றாவது இன்புட் இருண்டது, அப்புறம் எழவே இல்லை. போர்டைச் சென்னைக்கு அனுப்பித் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவும் முகூர்த்த மாசத்தில்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் ஒவ்வொரு எர்த். பல இடங்களில் காய்ந்த மண்ணில் ஒரு கம்பியைக் குத்திவிட்டு அதைத்தான் எர்த் என்பார்கள், சில இடங்களில் அதுவும் இருக்காது. எஸ்.டி.ஐ. கேபிளின் பின்னல் அந்த இரண்டு எர்த்தையும் இணைத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மின்னழுத்த வித்தியாசம் நம் கேபிள் வழியாகத்தான் பாயும். எஸ்.டி.ஐ. சிக்னல் வெறும் 0.8 வோல்ட். அதற்கென்று செய்த சிப் எவ்வளவு தாங்கும்? எல்லாவற்றையும் ஒரே ஜெனரேட்டரில் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் கிராமத்தில் லைட்டு ஒருவர், ஒலிபெருக்கி ஒருவர், நாம் ஒருவர். யார் ஜெனரேட்டரில் யார் கை வைப்பது?

ஃபைபர் கண்ணாடி. அதில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. மந்தையில் என்ன எர்த் இருந்தாலும் அது ஸ்விட்சருக்கு வந்து சேராது. சித்திரை மாசக் கோடை இடியின்போதும் இதே நிம்மதி, ஓரளவுக்கு. வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். எலி கடிக்காமலிருக்க இரும்புச் சுருள் கவசம் போட்டு ஒரு வகை வருகிறது, உள்ளேயே செம்புக் கம்பியும் சேர்த்து இன்னொரு வகை வருகிறது. இரண்டிலும் உலோகம் முனைக்கு முனை ஓடுவதால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடலாம். கெவ்லர் நார் போட்ட, உலோகமே இல்லாத டாக்டிக்கல் ஃபைபர்தான் எங்களிடம் இருக்கிறது. 300 மீட்டர் டிரம், நான்கு இழை. ஒன்றில் படம் வரும், ஒன்றில் கேமராமேனுக்குத் திரும்பப் போகும், மற்ற இரண்டும் கையிருப்பு. ஒற்றை ஒளிப்பாதை உள்ள சிங்கிள்மோடு ஃபைபரில், முனையில் வெளிச்சத்தை அனுப்பி வாங்குகிற சாதாரண மாட்யூலே 10 கிலோமீட்டர் ஓட்டும். நமக்கு அவ்வளவு தேவைப்படவே படாது. ஆனால் பாலமேடு மஞ்சமலை ஆற்றுத் திடல் மாதிரி இடத்தில், தூரம் பார்த்து ஸ்விட்சர் வைக்காமல் நிழல் பார்த்து வைக்கலாம்.

"கண்ணாடி உடைந்தால் என்ன செய்வீங்க?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. உடைந்தும் விட்டது. ஒரு கும்பாபிஷேகத்துக்கு முந்தின ராத்திரி, யாகசாலைப் பக்கம் வந்த தண்ணீர் லாரி எங்கள் ஃபைபர் மேல் ஏறி, கருங்கல் விளிம்பில் வைத்து நசுக்கிவிட்டது. நான்கு இழையும் போச்சு. சிவப்பு வெளிச்சப் பேனாவை ஒரு முனையில் சொருகிப் பார்த்தோம், மறுமுனையில் வெளிச்சமே இல்லை. கோயில் அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார், "நம்ம ஊர் கேபிள் டி.வி. தம்பிக்கிட்ட மிஷின் இருக்கே."

ராத்திரி பதினோரு மணிக்கு அந்தத் தம்பி பைக்கில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துண்டு, முன்னால் ஃபைபரை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மிஷின். நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இழையின் தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் வைத்து நறுக்கினார். மிஷினின் சின்னத் திரையில் இரண்டு கண்ணாடி முனைகளும் விரல் தடிமனுக்குப் பெரிதாகத் தெரிந்தன. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. திரையில் 0.02 டிபி என்று இழப்பு காட்டியது, படத்தை வெளிச்சமாக்கி, மறுமுனையில் திரும்பப் படமாக்குகிற எங்கள் கன்வெர்ட்டர்கள் அதைப்போல பல மடங்கு தாங்கும். ஒட்டுக்கு மேல் 60 மில்லிமீட்டர் பாதுகாப்பு ஸ்லீவைப் போட்டுச் சூடாக்கி, அடுத்த இழை. முக்கால் மணி நேரத்தில் நான்கும் முடிந்தது. ஒட்டிய இடம் பழைய பலத்தோடு இருக்காது என்பதால் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் விட்டு டேப் சுற்றினோம். காலையில் விமானத்தின் சாரத்தில் நின்ற கேமராவுக்கு அதே ஃபைபர்தான் போனது.

என் முடிவு இந்த இடத்தில்தான் உறுதியானது. ஃபைபர் பிராட்பேண்ட் வந்த பிறகு இந்த மிஷின் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஃபைபர் அறுந்தால் அந்த ராத்திரியே அந்த ஊரிலேயே ஒட்டிவிடலாம். எஸ்.டி.ஐ. கேபிள் அறுந்தால் அதைவிடச் சுலபம், ஐந்தே நிமிஷம், மறுக்கவில்லை. ஆனால் எஸ்.டி.ஐ.யால் வருகிற பெரிய சேதம் கேபிளோடு நிற்காது, போர்டுக்குப் போகும். வயர்லெஸ் செட்டும் அப்படித்தான். அது படுத்துவிட்டால் டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையில் கொடுத்தாலும், "சென்னைக்குத்தான் அனுப்பணும் சார்" என்பார்கள். நாளைக்குக் காலையில் வேலை இருக்கிறவனுக்கு, எது உடையும் என்பதைவிட உடைந்ததை எங்கே சரிபண்ண முடியும் என்பதுதான் முக்கியம்.

ஃபைபரின் குறைகளையும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையில் கரண்ட் வராது என்பதால் கேமரா முனையில் கன்வெர்ட்டருக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். கேமரா பேட்டரியில் இருக்கிற டி-டேப் என்கிற சாக்கெட்டிலிருந்து எடுக்கிறோம். உண்மையில் இந்த இரண்டு வருஷத்தில் எங்களை அதிகம் படுத்தியது அந்த 12 வோல்ட் பின் கழன்றுவிடுவதுதான். இப்போது பின்னையும் கன்வெர்ட்டரையும் சேர்த்து வெல்க்ரோ போட்டுக் கட்டிவிடுகிறோம். அடுத்தது தூசி. ஒளி போகிற மையம் 9 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு. வைகை மணல் ஒரு துகள் ஒட்டினால் படம் போச்சு. கழற்றிய உடனே மூடி போட வேண்டும், சொருகும் முன் ஒவ்வொரு முறையும் கிளீனர் பேனாவால் துடைக்க வேண்டும். பையன்களுக்கு இது பழக்கமாக ஒரு சீசன் ஆனது. முனையைக் கண்ணருகே வைத்து எட்டிப் பார்க்கவே கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

விலை, எஸ்.டி.ஐ.யைவிடப் பல மடங்கு. ஒரு கேமராவுக்கு இரண்டு கன்வெர்ட்டர், டிரம் தனி. நாங்கள் முதல் வருஷம் ஜிப்புக்கும் தூரக் கேமராவுக்கும் மட்டும் வாங்கினோம், மீதி அடுத்த வருஷம். திருப்பி விற்பதிலும் எஸ்.டி.ஐ.க்குத்தான் மவுசு. எங்கள் பழைய டிரம்களைக் கல்யாண யூனிட் வைத்திருப்பவர்கள் இரண்டே நாளில் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய ஃபைபர் டிரம்மை இந்தப் பக்கம் கேட்டு வாங்க இப்போதைக்கு ஆள் இல்லை.

மண்டபக் கல்யாணம் மட்டும் பார்க்கிறவர்கள் எஸ்.டி.ஐ.யோடு இருக்கலாம். ஒரே கட்டடம், ஒரே எர்த், 50 மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். திடலுக்குப் போகிறவர்கள் முதல் ஃபைபரை ஜிப்புக்கு வாங்குங்கள், இன்னொரு ஜெனரேட்டரில் நிற்பது பெரும்பாலும் அதுதான். வேலை ஒப்புக்கொண்டதும் அந்த ஊரில் ஸ்ப்ளைசிங் மிஷின் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4கே பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 4கே படத்துக்கான 12ஜி எஸ்.டி.ஐ.யில் செம்புக் கேபிளின் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபைபரில் டிரம் அப்படியே இருக்கும், முனையில் மாட்யூலும் கன்வெர்ட்டரும்தான் மாறும். எங்களிடம் இதுவரை யாரும் 4கே லைவ் கேட்டு வரவில்லை. 12ஜி செட் ஒன்றை இரவல் வாங்கி, ஷெட்டில் 300 மீட்டர் டிரம்மில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெயிலில் கன்வெர்ட்டர் சூடேறும்போது எப்படி இருக்கும் என்பதைச் சித்திரை முடிந்த பிறகுதான் சொல்ல முடியும்.