லவ் பண்ணா உட்றணும்: பொய்யாக மட்டும் வந்துபோகும் ஒரு காதல்

நெட்ஃப்ளிக்ஸில் 2020 டிசம்பர் 18 அன்று வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் நான்கு குறும்படங்கள். சுதா கொங்கரா, விக்னேஷ் சிவன், கௌதம் வாசுதேவ் மேனன், வெற்றிமாறன் என ஆளுக்கொன்று எடுத்திருக்கிறார்கள். குடும்ப மானத்தின் பேரில் நடக்கும் வன்முறைதான் நான்குக்கும் பொதுவான சரடு. பெண்ணைக் காதலிக்கும் பெண் என்ற விஷயத்தைக் கையில் எடுத்தது விக்னேஷ் சிவனின் ‘லவ் பண்ணா உட்றணும்’. நான்கில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கதையின் முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

வீரசிம்மன் (பதம் குமார்) ஓர் அரசியல் புள்ளி. மேடையில் சாதி மறுப்புத் திருமணங்களை நடத்திவைப்பார், வீட்டில் அதே காரியத்துக்கு ஆள் வைத்துக் கொல்வார். அவருக்கு ஆதிலட்சுமி, ஜோதிலட்சுமி என இரட்டைப் பெண்கள். இரண்டு பேருமே அஞ்சலி. அப்பாவின் மேடைப் பேச்சை நம்பி ஆதி தன் காதலைச் சொல்கிறாள், அதுவே அவள் உயிருக்கு வினையாகிறது. பிறகு வெளியூரிலிருந்து ஜோதி வருகிறாள், கூடவே தோழி பெனிலோப் (கல்கி கோச்லின்). இவர்கள் இருவரும் காதலர்கள் என்ற பேச்சு வீட்டுக்குள் வந்து விழுகிறது. அப்பாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அது சும்மா சொன்ன பொய், ஜோதியின் காதலன் ஓர் ஆண் என்று தெரியவருகிறது.

படம் உடைவது இந்த இடத்தில்தான். காதல் பொய் என்று எழுதியாகிவிட்டால், அதைச் சுற்றி எழுத வேண்டிய எதையும் எழுத வேண்டியதில்லை. இருவரும் எங்கே சந்தித்தார்கள், யார் முதலில் வாய் திறந்தது, ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் எப்படி நடந்துகொள்வதாகப் பேசி வைத்தார்கள், அறைக்கதவைச் சாத்துவதா திறந்தே வைப்பதா என்று எந்தக் கேள்விக்கும் திரைக்கதை பதில் வைத்திருக்கவில்லை. பெனிலோப்புக்கு என்ன வேண்டும் என்றுகூடக் கடைசிவரை தெரியாது. தன்பாலீர்ப்பு கொண்டவள் என்பதற்காக ஒருத்தியின் உயிருக்கு ஆபத்து என்று கதை மிரட்டுகிறது. ஆனால் அப்படி ஒருத்தி கதைக்குள் இல்லவே இல்லை. ஆபத்து யாருக்கு என்ற இடம் காலியாக இருந்தால் பார்ப்பவரின் பயமும் நிற்க இடமில்லாமல் போகும்.

பெனிலோப் பாத்திரத்துக்கான தேர்வும் சிக்கலானது. கல்கி புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் அறிந்தவர். அப்படிப்பட்ட நடிகையைக் கொண்டுவந்து ஊருக்கு ஒட்டாத வெள்ளைக்காரத் தோழியாக நிறுத்துகிறது படம். ‘இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கம் இல்லை, வெளியிலிருந்து வந்தது’ என்று குடும்பங்கள் காலங்காலமாகச் சொல்லும் வாதத்துக்குப் படமே சாட்சி சொன்னதாகிவிடுகிறது. பக்கத்துத் தெருப் பெண்ணாகவோ கல்லூரி விடுதித் தோழியாகவோ அந்தப் பாத்திரத்தை எழுதியிருந்தால் இந்தக் கேடு நேர்ந்திருக்காது.

அடுத்தது தொனி. ஆதியின் முடிவைப் பார்த்து உறைந்த பார்வையாளரிடம், அவளைக் கொன்ற அதே ஆட்களை வைத்துச் சிரிப்பு மூட்டப் பார்க்கிறார் இயக்குநர். கொலையையும் நகைச்சுவையையும் ஒரே படத்தில் வைக்கவே கூடாது என்பதில்லை. வைத்தால் சிரிப்பு கொலைகாரனின் அறியாமை மேல் விழ வேண்டும். இங்கே பாதிச் சிரிப்பு ஜோதி, பெனிலோப் என்ற இரண்டு பெண்களின் மேல் விழுகிறது. போதாக்குறைக்கு, பெற்ற மகளைக் கொல்லச் சொன்னவருக்குப் படம் முடியும்போது இலகுவான மன்னிப்பும் கிடைக்கிறது. ஆதிக்காக அழ ஒரு காட்சிக்கு மேல் நேரம் ஒதுக்க மனம் வராத படத்துக்கு அப்பாவைத் திருத்த மட்டும் நேரம் இருக்கிறது. இதை ஏற்கவே முடியவில்லை.

நடிப்பில் குறையில்லை. இரட்டையரை அஞ்சலி உடல்மொழியிலேயே பிரித்துக் காட்டுகிறார். அப்பாவின் அடியாள் நரிக்குட்டியாக வரும் ஜாஃபர் சாதிக் வந்து நின்றாலே அச்சம் வருகிறது.

நேரம் போதவில்லை என்ற சமாதானம் செல்லாது. இதே தொகுப்பில் சுதா கொங்கரா எடுத்த ‘தங்கம்’ 1981இல் நடக்கும் கதை. காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார் என்ற திருநங்கை அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்த பணத்தைத் தான் நேசித்தவனும் தன் தங்கையும் ஊரைவிட்டுப் போகக் கொடுத்துவிடுகிறாள். அவள் யார் என்பதும் கதை எப்படி நகர்கிறது என்பதும் அந்தப் பணத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அடையாளத்தை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. ‘லவ் பண்ணா உட்றணும்’ படத்தில் பெனிலோப்பைக் காதலி என்று சொல்லாமல் வேறு ஏதாவது பொய் சொல்லியிருந்தாலும் கதை அநேகமாக இதே வழியில்தான் போயிருக்கும்.

அடுத்த ஏப்ரலில் அதே நெட்ஃப்ளிக்ஸில் ‘அஜீப் தாஸ்தான்ஸ்’ என்ற இந்தித் தொகுப்பு வந்தது. அதில் நீரஜ் கய்வான் எடுத்த ‘கீலி புச்சி’யும் குறும்படம்தான். தொழிற்சாலையில் இயந்திர வேலை பார்க்கும் தலித் பெண் பாரதி (கொங்கனா சென் சர்மா), பாரதிக்குக் கிடைக்காத அலுவலக வேலையில் வந்து அமரும் பிராமணப் பெண் ப்ரியா (அதிதி ராவ் ஹைதரி). இருவருக்கும் இடையிலான ஈர்ப்பில் சாதியும் வேலைப் போட்டியும் குறுக்கே வருகின்றன. ப்ரியாவின் புகுந்த வீட்டில் பாரதிக்கு மட்டும் தனி டம்ளரில் தேநீர் வரும். வசனமே தேவைப்படாமல் அந்த டம்ளர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பாரதியை நல்லவளாகவே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தப் படத்துக்கு இல்லை. அவள் கணக்குப் போடுகிறாள், பழி தீர்க்கிறாள், ஆசையும் படுகிறாள். சாதி ஆணவத்தைப் பேசக் கிளம்பிய விக்னேஷ் சிவனுக்கும் சாதி, பெண்களுக்கிடையிலான காதல் என்ற இதே இரண்டு இழைகள் கையில் இருந்தன. ஒன்றை மற்றொன்றோடு அவர் முடிச்சுப் போடவே இல்லை.

கதைக்கான பொருளுக்கும் பஞ்சமில்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு இருவரும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்ட நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது பற்றிய புரிதல் வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்ட பிறகே தீர்ப்பு எழுதினார். 2025 மே மாதம், குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த பெண்ணை மீட்கத் தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், பிறந்த வீட்டைத் தாண்டி ஒருவர் தானே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் அதே நீதிமன்றம் ஏற்றது. காணவில்லை என்று புகார், போலீஸ் தேடல், கைபேசியைப் பிடுங்குவது, வீட்டுக்காவல், அவசரக் கல்யாணம்: இப்படிப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பவை இவை. படத்தில் இதன் சாயல்கூட இல்லை.

இருக்கும் கதையை வைத்தே சரி செய்திருக்க முடியும். காதல் மெய்யாக இருக்கட்டும். பெனிலோப் உள்ளூர்ப் பெண்ணாகட்டும். அக்காவுக்கு நேர்ந்தது ஜோதிக்குத் தொடக்கத்திலேயே தெரியட்டும். அப்போது, தெரிந்தே அதே அப்பாவின் முன்னால் வாய் திறப்பதா வேண்டாமா என்று அவள் தவிக்கும் நேரமே மொத்தப் படத்தையும் தாங்கும். மேடையில் புரட்சி பேசும் அப்பாவின் வேஷமும் அங்கே முழுதாகக் கலையும்.

தொகுப்பில் ‘தங்கம்’, வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’ இரண்டையும் தவறாமல் பாருங்கள். மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவரும் கதையை மெய்யான காதலோடு தமிழில் பார்க்க வேண்டுமானால், 2025 பிப்ரவரியில் திரைக்கு வந்த ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’ இருக்கிறது. லிஜோமோள் ஜோஸ் மகள், ரோகிணி அம்மா. ஊருக்கெல்லாம் முற்போக்கு பேசும் அம்மா சொந்த மகளிடம் தடுமாறுவதை அந்தப் படம் சிரிப்புக்குள் ஒளித்துவைக்காமல் நேராகக் காட்டுகிறது.