அயோவா சிட்டியில் வெள்ளிக்கிழமை மதியம்: ஒரு பார்வையாளரின் அனுபவம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் ராபிட்ஸில் குடியிருப்பவர்களுக்கு அயோவா சிட்டி காரில் அரை மணி நேரம்தான். அங்கே அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டம் நடத்தும் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். எழுத்தாளனாக இல்லை, நாற்காலியை நிரப்புகிற ஆளாக. டிக்கெட் கிடையாது, நீங்கள் யார் என்று யாரும் கேட்பதும் கிடையாது. இந்தப் பக்கம் புதிதாகக் குடிவரும் நண்பர்கள், "நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதே பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் வேறு, இது வேறு. அது முதுகலைப் படிப்பு, வகுப்புக்குள் வெளியாள் நுழைய முடியாது. இந்தத் திட்டத்தை 1967இல் கவிஞர் பால் எங்கிளும் நாவலாசிரியர் நியே ஹுவாலிங்கும் தொடங்கினார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பல நாட்டு எழுத்தாளர்கள் வந்து சில வாரங்கள் தங்கி எழுதுவார்கள், பேசுவார்கள். நம் அசோகமித்திரன் 1973இல் வந்திருக்கிறார். 'ஒற்றன்' அந்த நாட்களிலிருந்து வந்த நாவல். அதைப் படித்திருந்தால் இந்த ஊர் உங்களுக்கு ஏற்கெனவே பாதி பழக்கம்.

ஞாயிறு மாலை பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடை மாடியில் வாசிப்பு நடக்கும். இடம் அருமை, காபியும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் வாசிப்பார்கள். நன்றாக எழுதுகிறவர் நன்றாக வாசிப்பார் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. தன் மொழியில் நாலு வரி வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அர்த்தம் புரியாவிட்டாலும் ஆள் யாரென்று குரலில் தெரிந்துவிடும்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பொது நூலகத்தில் நடக்கும் அரங்குக்குப் போங்கள். மூன்று நான்கு எழுத்தாளர்கள், பொதுவாக ஒரு தலைப்பு. ஆளுக்கு ஒரு சின்னக் கட்டுரை வாசிப்பார்கள், பிறகு கேள்விகள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடியும் என்பதே நம்மூர் இலக்கியக் கூட்டங்களில் வளர்ந்தவனுக்கு முதல் அதிர்ச்சி.

கட்டுரைகள் சீராக இருக்கும், சில நேரம் கொஞ்சம் அதிகமாகவே சீராக. சுவாரசியம் கேள்வி நேரத்தில்தான். தணிக்கை பற்றிய ஓர் அரங்கில், அரசாங்கத்தைத் திட்டப்போகிறார் என்று நான் நினைத்த ஒருவர், தன் அம்மா படித்துவிடுவாரே என்ற பயத்தில் அழித்த பக்கங்களைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் இருந்தவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சிறைக்குப் போன நண்பர்களை வைத்துக்கொண்டு அம்மாவைத் தணிக்கை அதிகாரியாக்க முடியாது என்றார். இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. புத்தக வெளியீட்டு மேடையில் இது கிடைக்காது.

பல உச்சரிப்புகள் காதில் விழும் என்பதால் முன்வரிசையில் உட்காருவது நல்லது. இன்னொன்று, வருகிறவர்களின் பெயர் தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். 1985இல் ஓரான் பாமுக், 1998இல் ஹான் காங், 2004இல் மோ யான் என மூவரும் நோபலுக்கு முன்பு இங்கே வந்து தங்கியவர்கள்தான்.

சரி, நாம் எழுதியதைக் காட்ட முடியுமா? இந்தக் கூட்டங்களில் முடியாது. அதற்காக வேறோர் இடத்தில் கட்டணம் கட்டி ஒரு கோடைக்காலப் பட்டறையில் சேர்ந்தேன். கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். அவர்கள் அதை அலசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் பேசலாம், ஆனால் அது ஏற்புரை இல்லை, அவர்களிடம் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். தேவையில்லாத பத்திகளை வெட்ட இந்த முறை ரொம்ப உதவியது. ஆனால் என் கதையில் வந்த வளைகாப்பை விளக்கச் சொல்லியே பாதி நேரம் போய்விட்டது. எல்லோர் சொல்லையும் கேட்டுத் திருத்தியிருந்தால் அது சுற்றுலாக் கையேடாகியிருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ் வாசகர் நாலு பேரைத் தேடிக்கொள்வதுதான் லாபம் என்பது என் கருத்து.

2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். வழக்கமாக முப்பது பேரளவில் வருவார்கள், அந்த இலையுதிர் காலத்தில் குறைவான எழுத்தாளர்களோடுதான் நடந்தது. ஆகவே பழைய அட்டவணையை நம்பிக் கிளம்பாமல், ஆகஸ்ட் கடைசியில் புது அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காதவர்களும், தமிழ்நாட்டில் இருப்பவர்களும் பழைய அரங்குகளின் பதிவுகளை இணையத்தில் பார்க்கலாம். அரங்கில் வாசித்த கட்டுரைகளும் கிடைக்கும். அவற்றை முதலில் படித்துவிட்டு, காணொலியில் நேராகக் கேள்வி நேரத்துக்குப் போய்விடுங்கள்.