லேப்டாப் பேக், டிரில் பேக், தெருவிளக்கு பேக்: பழைய லித்தியம் செல்லுக்கு எதைப் பிரிக்கலாம்?

இந்த வருடத் தொடக்கத்தில் மூன்று விதமான பழைய பேக்குகளை ஒரே வாரத்தில் பிரித்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய நான்கு லேப்டாப் பேக்குகள், தச்சு வேலை செய்யும் நண்பர் கழித்துப் போட்ட இரண்டு கார்ட்லெஸ் டிரில் பேக்குகள், காயலான் கடையில் எடைக்குக் கிடைத்த ஒரு சோலார் தெருவிளக்கு பேக். மூன்றிலும் லித்தியம் செல்தான். ஆனால் ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பழைய செல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எம்.ஏ.எச். (மில்லி ஆம்ப்-அவர், அதாவது கொள்ளளவு) என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த செல் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது? இந்த பேக் எதனால் செத்தது?

லேப்டாப் பேக்

கொஞ்சம் பழைய மாடல் லேப்டாப் பேக்கில் பெரும்பாலும் ஆறு 18650 செல்கள் இருக்கும். இரண்டிரண்டாக இணைத்த மூன்று ஜோடிகள், மொத்தம் 11.1 வோல்ட். 18650 என்பது வெறும் அளவுதான்; 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இப்போது வரும் ஒல்லி லேப்டாப்களில் தட்டையான பவுச் செல் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. உறை மெல்லிய அலுமினியத் தாள். கூரான எதன் நுனி பட்டாலும் கிழிந்துவிடும்.

பேக்கின் ஒட்டுக்கோட்டில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி நெம்பினால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். திறந்ததும் மல்டிமீட்டரை எடுங்கள். என் இரண்டாவது பேக்கில் மூன்று ஜோடிகளும் 3.68, 3.67, 0.9 வோல்ட் காட்டின. எதனால் செத்தது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஒரு ஜோடி சரிந்ததால் சர்க்யூட் போர்டு மொத்த பேக்கையும் பூட்டிவிட்டது. மற்ற நான்கு செல்லும் தேற வாய்ப்பு உண்டு.

சரிந்த ஜோடியை அப்போதே ஒதுக்கிவிட்டேன். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லில், நெகட்டிவ் பக்கத்துச் செம்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ‘மெதுவா ஏத்தினா உயிர் வந்துடும்’ என்று சிலர் சொல்வார்கள். வோல்ட் ஏறத்தான் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய செல்லை வீட்டுக்குள் வைக்க நான் தயாரில்லை.

அடுத்தது செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை உரிப்பது. நோஸ் பிளையரால் பட்டையின் ஓரத்தைப் பிடித்து, மத்தி மீன் டப்பா திறப்பதுபோல் சுருட்டிச் சுருட்டி எடுக்க வேண்டும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. 18650-இன் உலோக டப்பா முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் பொட்டைச் சுற்றியுள்ள விளிம்பும் நெகட்டிவ்தான். இரண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி, அதன்மேல் ஒரு காகித வளையம், அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை. காகிதம் கிழிந்து பட்டை விளிம்பைத் தொட்டால் நேரடி ஷார்ட். எனக்கு ஒருமுறை அப்படிப் பொறி பறந்து பிளையர் நுனியில் குழி விழுந்தது. அதற்குப் பிறகு புது வளையம் ஒட்டாமல், கிழிந்த உறையை மாற்றாமல் எந்த செல்லையும் சார்ஜரில் போடுவதில்லை.

நான்கு பேக்கில் 24 செல். ஒதுக்கிய இரண்டு போக மீதியை முழுக்க சார்ஜ் செய்து, 500 மில்லி ஆம்பில் காலி செய்து கொள்ளளவு பார்த்தேன். புதிதில் 2200 இருந்த செல் 1800-க்கு மேல் காட்டினால் வைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி மூன்று வாரம் சும்மா வைத்தேன். 4.1-க்குக் கீழே இறங்கியவை கழிந்தன. இந்தச் சோதனையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொள்ளளவு நன்றாகக் காட்டிவிட்டு உள்ளுக்குள் கசியும் செல்லை இதில் மட்டும்தான் பிடிக்க முடியும். கடைசியில் மிஞ்சியவை 15.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகிறது. நாலு செல் சார்ஜர் ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை செல் பார்க்க ஒரு வாரம் ஓடிவிடும். விலை மலிவுதான், பொறுமைதான் செலவு. ஆனால் செல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த ஒரு வாரத்தில் தெரிந்ததுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

டிரில் பேக்

லேப்டாப் செல் மெதுவாக, நிதானமாகக் கரண்ட் கொடுப்பதற்குச் செய்தது. டிரில் செல் அப்படியில்லை. வெளியில் அதே 18650 அளவு, எம்.ஏ.எச். குறைவாகக்கூட இருக்கும், உள்தடை (செல் தனக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் அளவு) மட்டும் வெகு குறைவு. நண்பரின் 18 வோல்ட் பேக்கில் ஐந்து ஜோடி செல்கள். அவற்றின் உள்தடை 15 மில்லி ஓம் அளவில் இருந்தது. லேப்டாப் செல்கள் 60-ஐ ஒட்டிக் காட்டின.

இந்த வித்தியாசத்தைக் கணக்காகப் போட்டால்தான் உறைக்கும். மோட்டார் திணறும்போது ஒரு செல்லிலிருந்து 20 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் செல்லில் 1.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும், 24 வாட் சூடாக மாறும். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு டப்பாவுக்குள் சாலிடரிங் அயர்ன் ஒன்றைச் செருகி வைத்தது மாதிரி. டிரில் செல்லில் விழுவது 0.3 வோல்ட், சூடு 6 வாட். மோட்டார், பம்ப், ரேடியோ கன்ட்ரோல் கார் என்று எது செய்தாலும் லேப்டாப் செல்லை அதில் போடாதீர்கள்.

இந்த பேக்குகள் சாவதற்கான காரணமும் வேறு. பலவற்றில் செல்களுக்கிடையே வோல்ட்டைச் சமன்படுத்தும் வசதியே கிடையாது. சிலவற்றில் சர்க்யூட் போர்டு தனக்கு வேண்டிய சிறு கரண்டை ஒரே ஒரு ஜோடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். பேக் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அந்த ஜோடி மட்டும் வற்றிப்போகும். நண்பரின் முதல் பேக் அப்படித்தான். நான்கு ஜோடி புதுசு போலவே இருந்தது. இரண்டாவது பேக் நேர்மாறு. கட்டட வேலையில் வெயிலில் போட்டு அடித்ததில் எல்லா ஜோடியும் ஒரே அளவில் தேய்ந்திருந்தது, உள்தடை இரட்டிப்பாகியிருந்தது. எடுக்க ஒன்றுமில்லை. டிரில் பேக் வாங்குவதாக இருந்தால், கிடந்து செத்ததா, உழைத்துச் செத்ததா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

தெருவிளக்கு பேக்

என் மனசு இருப்பது இதில்தான். ஒரே பெட்டிக்குள் பேனல், விளக்கு, பேட்டரி எல்லாம் வரும் சோலார் தெருவிளக்குகள் பலவற்றில் 12.8 வோல்ட் பேக் இருக்கும். அதாவது தடியான 32 மி.மீ. செல் நான்கு வரிசையாக. விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டோ பேனலோ போனாலே முழு விளக்கையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள், பேட்டரி நன்றாக இருக்கும்போதே.

செல் உறையில் எழுத்து தெரிந்தால் படித்துப் பாருங்கள். ஐ.சி.ஆர். என்றால் கோபால்ட், ஐ.என்.ஆர். என்றால் நிக்கல், ஐ.எஃப்.ஆர். என்றால் இரும்பு பாஸ்பேட். தெருவிளக்கு செல் இந்த மூன்றாவது வகை, அதாவது எல்.எஃப்.பி. இதை மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவில் அக்ஷய பாதி என்ற இந்திய ஆராய்ச்சியாளர் முதன்மை ஆசிரியராக எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த வேதியியல் இது. குட்இனஃபுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பலம் பாஸ்பேட்டில் இருக்கிறது. ஆக்சிஜன் அதில் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடு ஏறினாலும் எளிதில் பிரிந்து வராது. கோபால்ட், நிக்கல் செல்களில் தீ தானாகவே கொழுந்துவிடுவதற்கு ஒரு காரணம் உள்ளிருந்து பிரியும் அந்த ஆக்சிஜன்தான். எல்.எஃப்.பி.யும் கெட்டால் புகை கக்கும், பற்றவும் செய்யும். ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோவது கடினம். இராத்திரி முழுக்க யாரும் பார்க்காமல் சார்ஜில் நிற்கும் பொருளுக்கு நான் இதைத் தவிர வேறு பழைய செல் போடுவதில்லை.

குறைகளும் உண்டு. கனம் அதிகம். நல்ல 18650 ஒன்று ஏறக்குறைய 45 கிராமில் 9 வாட்-அவர் கொடுக்கும், 6000 எம்.ஏ.எச். எல்.எஃப்.பி. செல் 140 கிராமில் 19 கொடுக்கும். டார்ச்சுக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் சரிப்படாது. வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. 3.2, 3.3 என்றே வெகுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும்.

அப்புறம், இது மிக முக்கியம்: கடைகளில் கிடைக்கும் டி.பி.4056 சார்ஜர் போர்டு 4.2 வோல்ட்டுக்கு ஏற்றும். எல்.எஃப்.பி.க்கு உச்சம் 3.65 வோல்ட். அந்த போர்டை இதில் போடவே கூடாது. பேக்கைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு வாங்கும்போதும் எல்.எஃப்.பி. என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

என் வீட்டு ரூட்டர் 12 வோல்ட்டில் 10 வாட் எடுக்கிறது. லேப்டாப் செல் ஆறு போட்டுச் செய்த பேக், கன்வர்ட்டர் இழப்பு போக மூன்றரை மணி நேரம் தாங்கியது. தெருவிளக்கு செல் நான்கும் சோதனையில் 5000-க்கு மேல் காட்டின. அந்த பேக் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. இப்போது ரூட்டருக்குப் பின்னால் இருப்பது அதுதான். லேப்டாப் பேக்கை மேசை விளக்குக்கு மாற்றிவிட்டேன். சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருப்பேன்.

ஸ்கூட்டர் பேக், கழிந்த செல், புது செல்

மின்சார ஸ்கூட்டர் பேக் மலிவாகக் கிடைத்தாலும் முதல் முயற்சியாக வேண்டாம். 13 வரிசை பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட் இருக்கும். நழுவிய ஒரு ஸ்பேனர் போதும், வெல்டிங் போல மின்வில் (ஆர்க்) பிடிக்கும். விபத்தில் நசுங்கியது, மழைவெள்ளத்தில் முழுகியது என்றால் யாரும் தொடாமல் இருப்பதே நல்லது.

கழிந்த செல்களின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வெளியே வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

ஒன்றிரண்டு செல்தான் வேண்டுமென்றால் பழையதைத் தேடி அலையாமல் புதிதாகவே வாங்குங்கள். மூன்று வாரச் சோதனை மிச்சம். கடைக்குப் போகும்போது சின்ன எடைமெஷினைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உறையில் 9900 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் எடுக்கவே வேண்டாம். 18650-இல் அதில் பாதி கொள்ளளவைக்கூட அடைக்க முடியாது. நல்ல செல் 45 கிராமுக்கு அக்கம்பக்கம் நிற்கும். 30-ஐ ஒட்டிக் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.