ஸ்டார்டிஸ்ட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, நியூக்ளியஸ் எண்ண ஸ்டார்டிஸ்ட் போடட்டுமா, செல்போஸ் போடட்டுமா?" நுண்ணோக்கிப் படத்தில் செல்களின் நியூக்ளியஸை (உட்கருவை) ஒவ்வொன்றாகத் தானே கோடு போட்டுப் பிரிக்கும் மென்பொருள்கள் இரண்டும். சட்டென்று பதில் வரவில்லை.

ஸ்டார்டிஸ்ட் வருவதற்கு முன் ஃபிஜி என்ற பட மென்பொருளில் ஓட்சு த்ரெஷோல்டு (வெளிச்ச அளவை வைத்து நியூக்ளியஸையும் பின்னணியையும் பிரிப்பது), அப்புறம் வாட்டர்ஷெட் (ஒட்டிக் கிடப்பவற்றை வெட்டிப் பிரிப்பது), அதற்கும் அப்புறம் மவுஸைப் பிடித்துக்கொண்டு கையால் திருத்துவது என்றுதான் என் சாயங்காலங்கள் போயின. நியூக்ளியஸை நீலமாக ஒளிரவைக்கும் டாபி சாயம் போட்ட சுண்டெலிச் சிறுநீரகப் படம் ஒன்றை முதன்முதலில் ஸ்டார்டிஸ்டில் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. திராட்சைக் குலைபோல நெருக்கியடித்துக் கிடந்த நீல நியூக்ளியஸ்கள், ஒவ்வொன்றையும் சுற்றித் தனிக் கோடு. நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. கூடவே வரும், ஒளிரும் சாயப் படங்களுக்கான ஃப்ளோரசன்ஸ் மாடல்தான். நியூக்ளியஸ் கண்டுபிடிக்கும் 2018 டேட்டா சயின்ஸ் பவுல் போட்டிப் படங்களில் ஒரு பகுதியை வைத்துப் பழக்கியது.

ஆனால் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு விஷயத்தில் என் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் 32 திசைகளில் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கணித்துத்தான் இது வடிவத்தைப் போடுகிறது. உள்ளே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் விளிம்பு முழுக்கக் கண்ணில் பட வேண்டும். உருண்டை, முட்டை வடிவம் என்றால் கச்சிதம். மனித நியூட்ரோபிலுக்கோ மெல்லிய இழையில் தொங்கும் மூன்று நான்கு மடல்கள். ஒரு செல்லை மூன்றாக எண்ணிவிடும். சுண்டெலியில் இன்னும் மோசம்: அங்கே நியூக்ளியஸ் உளுந்து வடை மாதிரி வளையம், நடுவில் ஓட்டை. எங்கே நின்று பார்ப்பது?

ஒரு படத்தில் நான் எண்ணியது 40, இது சொன்னது 97. ப்ராபபிலிட்டி த்ரெஷோல்டை (எவ்வளவு உறுதியானால் நியூக்ளியஸ் என்று ஏற்பது என்ற அளவு) ஏற்றினால் பக்கத்திலிருக்கும் மங்கலான லிம்போசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளையணுக்கள்) காணாமல் போகின்றன. ஓவர்லாப் த்ரெஷோல்டைத் (ஒன்றன்மேல் ஒன்று விழும் வடிவங்களில் எதை விடுவது என்ற அளவு) தொட்டும் பயனில்லை. மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தானே அது வேலை செய்யும்? இரண்டு வார எண்ணிக்கையைத் திரும்பச் செய்தேன். வடிவத்தை இப்படி எடுத்துக்கொள்வோம் என்று ஸ்டார்டிஸ்ட் ஆய்வுக் கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

செல்போஸ் இப்படி ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பிக்சல்கள் எந்தப் பக்கம் ஓடிச் சேர்கின்றன என்று பார்க்கிறது, மடல்களைப் பெரும்பாலும் சேர்த்தே பிடிக்கிறது. ஆனால் அதன் பழைய பதிப்புகளில் செல்லின் விட்டம் சரியாகக் கொடுக்க வேண்டும், ஜிபியு (வேகமாகக் கணக்கிடும் கிராஃபிக்ஸ் சிப்) இல்லாத எங்கள் கணினியில் நகரவே மாட்டேன் என்கிறது.

அவளிடம் செல்போஸ் போடச் சொல்லிவிட்டேன். அவளுடையதும் சிறுநீரகம்தான், ஸ்டார்டிஸ்டே தாராளமாகப் போதும். அந்த 97 இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் வாயில் வேறு பதில் வரவில்லை. நேற்று என் சிறுநீரகப் படங்கள் பன்னிரண்டையும் ஸ்டார்டிஸ்டில்தான் ஓட்டினேன். ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.