போஸ்ட்மேப்: நீளும் பட்டியல்களைத் தொகுத்துத் தரும் கருவி

ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சேவையகத்தை நிர்வகிப்பவர்கள், அதனுடன் வரும் போஸ்ட்மேப் கட்டளையை ஒரு சடங்கு போலவே இயக்குகிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப் எப்போதும் வெறும் உரையாகவே படிக்கப்படுகிறது. வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படும் மெய்நிகர் முகவரிகள், தடுக்க வேண்டிய அனுப்புநர்கள் முதலிய நீளும் பட்டியல்களைத்தான் போஸ்ட்மேப் விரைவாகத் தேடத்தக்க சுட்டெண் கோப்புகளாகத் தொகுத்துத் தருகிறது.

தொகுக்காமலும் காலம் தள்ளலாம். டெக்ஸ்ட்ஹாஷ் வகை அட்டவணை உரைக் கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆனால், அஞ்சலைப் பெறும் ஒவ்வொரு செயல்முறையும் பட்டியல் முழுவதையும் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இயல்பு அமைப்பில் ஒரு சேவைக்கு அத்தகைய செயல்முறைகள் 100 வரை இயங்கலாம், அவை ஒவ்வொன்றும் 100 இணைப்புகளைக் கவனித்தபின் ஓய்ந்து, அடுத்து வருவது மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும். சில நூறு வரிகள் என்றால் இது பொருட்டே அல்ல. லட்சம் வரிகள் என்றால் தொகுத்த கோப்பின் அருமை உடனே விளங்கும்.

தொகுப்பு வகைகளில் பலருக்கும் பழகியது பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகத்தைச் சார்ந்த ஹாஷ். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. போஸ்ட்மேப் அந்தக் கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதுவதால், எழுதும்போது வட்டு நிறைந்துவிட்டால் பழைய அட்டவணையும் போய், புதியதும் கிடைக்காமல், அஞ்சல் போக்குவரத்தே நின்றுவிடும். டி. ஜே. பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த சிடிபி வகையிலோ, புதிய கோப்பு தற்காலிகப் பெயரில் முழுமையாக உருவானபின்னரே பழையதன் இடத்துக்குப் பெயர் மாற்றப்படுகிறது. கோப்பைப் படிக்கும் செயல்முறைகள் அதைப் பூட்டவும் தேவையில்லை. பட்டியலில் இல்லாத ஒரு முகவரியைத் தேடினால், பெரும்பாலும் ஒரே வட்டு அணுகலில் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஒரு முகவரிக்காக முழு முகவரி, களப்பெயர் (டொமைன்), அதன் மேல்நிலைக் களம் எனப் பலமுறை தேடப்படுவதும், அத்தேடல்களில் மிகப் பல வெறுங்கையுடன் திரும்புவதும்தான் அணுகல் பட்டியல்களின் இயல்பு என்பதால், இந்த விரைவு அங்கே நேரடியாகப் பலன் தருகிறது.

குறைகளும் உண்டு. சிடிபியில் ஒற்றை வரியைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. முழுவதையும் மறுபடி தொகுக்க வேண்டும். உரைக் கோப்பைத் திருத்திவிட்டுத் தொகுக்க மறந்தால் பழைய விதிகளே நடப்பில் இருக்கும். நானே ஒருமுறை அப்படி மறந்து, தடுத்துவிட்டதாக எண்ணிய முகவரியிலிருந்து அரைநாள் முழுவதும் குப்பை அஞ்சல் வாங்கினேன். மூலக் கோப்பைவிடத் தரவுக் கோப்பு பழையது என்ற எச்சரிக்கை பதிவேட்டில் தெளிவாகவே இருந்தது, பார்க்காதது என் தவறு. இப்போது தொகுத்த கையோடு, போஸ்ட்மேப்பின் ‘-கியூ’ என்ற தேடல் விருப்பத்துடன் ஒரு முகவரியைக் கேட்டுப் பார்த்துவிடுகிறேன். முகவரிகளை எழுத்து வடிவங்களோடு பொருத்திப் பார்க்கும் ரெகெக்ஸ்பி, பிசிஆர்இ அட்டவணைகளை போஸ்ட்மேப் தொகுப்பதில்லை. அவை வரிசையாகவே ஒப்பிடப்படுவதால், வடிவங்கள் பெருகப் பெருக வேகம் குறையும்.

டெபியன் லினக்ஸில் சிடிபி ஆதரவு தனி மென்பொருள் பொதியாக வருவதால் முதலில் அதை நிறுவிக்கொள்ள வேண்டும். மெயின்.சிஎஃப் கோப்பில் இயல்பு தரவுத்தள வகையை சிடிபி என்று மாற்றினால் மட்டும் போதாது. முன்பே ‘ஹாஷ்’ என்ற முன்னொட்டுடன் எழுதிய ஒவ்வொரு வரியையும், உள்ளூர் பெயர்களை வேறு முகவரிகளுக்குத் திருப்பும் மாற்றுப்பெயர் கோப்புக்கான இரு வரிகள் உட்பட, தேடித் திருத்த வேண்டும்.