எசென்ஷியல் ஆயில்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு என் பார்வை

எசென்ஷியல் ஆயில் என்றால் செடிகளிலிருந்து பிரித்தெடுக்கும் செறிவான வாசனை எண்ணெய். அதில் தூக்கத்துக்காகத்தான் லாவெண்டர் வாங்கினேன். சில வருடங்கள் ஓடிவிட்டன, இன்னமும் தினமும் கை போகும் பாட்டில் அதுதான். முகர்ந்ததும் அடித்துப் போட்டது மாதிரி தூக்கம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அப்படி வராது. படுக்கப் போவதற்கு முன்னால் டிஃப்யூசரில் (எண்ணெய் கலந்த தண்ணீரைப் புகை போலப் பரப்பும் சின்னக் கருவி) தண்ணீர் ஊற்றி நான்கைந்து சொட்டு விட்டு, விளக்கைக் குறைத்து, போனைத் தூர வைத்துவிடுவேன். தினமும் இதே வரிசையில் செய்யச் செய்ய, இப்போது அந்த வாசனை வந்தாலே தோள்பட்டை இறுக்கம் தானாகத் தளர ஆரம்பித்துவிடுகிறது. எண்ணெய் பாதி, பழக்கம் பாதி என்பது என் கணிப்பு. மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு வாசனை நேராகப் போய்ச் சேர்ந்துவிடுவதால், அதோடு ஒரு பழக்கம் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது பெப்பர்மின்ட். கழுத்திலிருந்து ஏறி நெற்றியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தலைவலிக்கு எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஜெர்மனியில் இந்த வகைத் தலைவலிக்கு 10 சதவீதப் பெப்பர்மின்ட் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் தடவிச் சோதித்து, பலன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைவிட நீர்த்ததைத்தான் ரோல்-ஆனில் வைத்திருக்கிறேன், கண்ணிலிருந்து தள்ளியே தடவ வேண்டும், தடவிய விரலைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. மைக்ரேன் வந்தால் இதைத் தொடுவதே இல்லை, வாசனையே குமட்டும்.

மூக்கடைப்புக்கு யூகலிப்டஸ், மென்தால் என்று பலரும் சொல்வார்கள். சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் மென்தால் அடைப்பை எடுப்பதில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி மூச்சு நன்றாகப் போவது போன்ற உணர்வைத் தருகிறது, அவ்வளவுதான். தூங்கப் போகும் நேரத்தில் அந்த உணர்வே போதும் என்றால் சரி, நெஞ்சு சளி கட்டியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது, "இயற்கையானதுதானே, அப்படியே தடவலாம், தண்ணீரில் விட்டுக் குடிக்கலாம்" என்று சொல்பவர்களைப் பார்த்துத்தான். ஒரு சின்ன பாட்டிலுக்குள் ஏகப்பட்ட செடியின் சாரம் செறிந்து கிடக்கிறது, அதைச் சாதாரண எண்ணெயாக நினைக்கவே கூடாது. உடம்பில் தடவ 1 சதவீதம் வேண்டுமென்றால் 30 மில்லி கேரியர் ஆயிலுக்கு, அதாவது நீர்க்கச் செய்யும் தேங்காய் எண்ணெய் போன்ற சாதாரண எண்ணெய்க்கு, சுமார் 6 சொட்டுதான் கணக்கு. எலுமிச்சை இனத்துப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கருத்துப் போகும், அதிலுள்ள பெர்காப்டென் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை அது. குழந்தை யூகலிப்டஸ் எண்ணெயைக் கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரை போகலாம், அதனால் பாட்டில்கள் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள், அதன் கல்லீரலுக்கு இவற்றைச் சமாளிக்கும் திறன் குறைவு. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவெண்டர் என்று மட்டும் போட்டிருந்தால் அது கற்பூர நெடி தூக்கலாக இருக்கும் கலப்பு வகை லாவண்டினாக இருக்கலாம், நான் தேடுவது அசல் லாவெண்டரின் தாவரப் பெயரான லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க ஆயிரக்கணக்கான கிலோ இதழ் தேவை, எனவே ஆரஞ்சு எண்ணெய் விலைக்கு ரோஜா எண்ணெய் கிடைத்தால் அது ரோஜா இல்லை. நான் வீட்டில் செய்யும் எளிய சோதனை ஒன்று: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்ப்பேன். லாவெண்டரோ பெப்பர்மின்டோ சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும், தாளில் பளபளவென்று எண்ணெய் வட்டம் தங்கினால் சமையல் எண்ணெய் மாதிரி எதையோ கலந்திருக்கிறார்கள். சந்தனம், வெட்டிவேர் போன்ற கெட்டியான எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வாசனைக்காகச் சேர்த்த செயற்கைப் பொருட்களையும் இது காட்டிக்கொடுக்காது.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைச் சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள். காற்றுப் பட்டுப் பழசானால் புத்துணர்ச்சியான மணம் போய் டர்பன்டைன் வாடை அடிக்கும், அந்த நிலையில் தோலில் பட்டால் அலர்ஜி வரும் வாய்ப்பும் கூடுதல். கருநிற பாட்டில், இறுக்கமான மூடி, வெயில் படாத இடம். சந்தனமும் பச்சோலி என்ற செடியின் எண்ணெயும் நேர்மாறு, நாள்பட நாள்பட மணம் இன்னும் இதமாகும்.

அப்புறம் டிஃப்யூசர். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுகிறேன், அதற்குள் மூக்குக்கு வாசனை பழகிவிடும், வரவில்லையே என்று இன்னும் நாலு சொட்டு விட்டால் தலைவலிதான் மிச்சம். அடியில் இருக்கும் வட்டத் தகட்டில் பிசுபிசுப்பு படிந்தால் புகை மெலிந்துவிடும், வாரம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மெதுவாகத் துடைத்தால் பழையபடி வந்துவிடுகிறது.